ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஷிப்ட்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் வளர்ந்த ஒருவன் கடலுக்கடியில் வெள்ளைக்காரர்களுக்கு மீன் காட்டிப் பிழைத்தான் என்றால் யார் நம்புவார்கள்? முனீஸின் மாமியார் இன்றுவரை நம்பவில்லை. மருமகன் ஏதோ மீன் கடையில் இருந்ததாகத்தான் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். தோட்டத்துக் கிணறுகளில் சாயத்தண்ணீர் இறங்குவதற்கு முன்பே அவற்றில் நீச்சல் பழகிக்கொண்டவன் முனீஸ். பிறகு எட்டு வருடம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் பக்கத்தில் நின்றான். 2005இல் அந்தமானின் ஹேவ்லாக் தீவிலிருந்து ஒரு டைவிங் பள்ளி இருநூறு டீ-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. பண்டலோடு கப்பலில் போனவன் பண்டலை இறக்கினான். அவன் மட்டும் திரும்பக் கப்பல் ஏறவில்லை. மூன்று வருடம் அந்தப் பள்ளியில் காற்று சிலிண்டர் சுமந்தான். இடையில் டைவிங் பரீட்சைகளும் எழுதித் தேறினான். 2008 மழைக்காலத்தில் பள்ளியைச் சாத்தும்போது முதலாளியம்மா அவனையும் கூடச் சிலிண்டர் சுமந்த தௌபிக்கையும் கூப்பிட்டு, அக்டோபரிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் கைடு என்றார். தௌபிக்கும் திருப்பூர்க்காரன்தான், காதர்பேட்டை பனியன் வியாபாரக் குடும்பம். ஒரே ஒரு நிபந்தனை: ஆளுக்கொரு டைவ் கம்ப்யூட்டர் சொந்தமாக வேண்டும். அது இல்லாதவன் பழையபடி சிலிண்டர் சுமக்கலாம்.

அது கையில் கட்டுகிற சாமான். ஆழத்தில் மூச்சு விட விட ரத்தத்தில் நைட்ரஜன் ஏறும். எவ்வளவு ஏறியிருக்கிறது, இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்று அது சொல்லும். மேலே வந்த பிறகும், ஏறியது எவ்வளவு வடிந்தது என்று விடாமல் எண்ணிக்கொண்டிருக்கும். அந்த எண்ணிக்கை தப்பினால் ரத்தத்தில் குமிழி கட்டி, கை கால் விளங்காமல் போகலாம். அதனால் ஒருவருடையதை இன்னொருவர் கட்டவே கூடாது. பரீட்சையில் இது ஏழாவது கேள்வி. முனீஸ் சரியாக எழுதியிருந்தான்.

முதலாளியம்மா கொடுத்தனுப்பிய கேட்டலாக்கில் இரண்டாம் பக்கத்தில் ஒன்று இருந்தது. கறுப்பு ரப்பர், ஷூ பாலிஷ் டப்பா அளவு, பெரிய பெரிய எழுத்து. இதையே வாங்கு, போதும் என்று அவரே பேனாவால் வட்டம் போட்டிருந்தார். ஆனால் முனீஸின் கண் நான்காம் பக்கத்தில் இருந்தது. டைட்டானியம். வாட்ச் மாதிரியே இருக்கும். சட்டைக் கையை லேசாக ஏற்றிவிட்டால் போதும், ஊரே பார்க்கும். விலை மட்டும் ஒரு ஆளுக்கு எட்டாத விலை.

இந்த இடத்தில் மச்சான் பெருமாள்சாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முனீஸின் மனைவி சித்ராதேவிக்கு மூத்த அண்ணன். ஆறு நிட்டிங் மிஷின் வைத்து, கூலிக்குத் துணி பின்னித் தரும் ஜாப் ஒர்க் செய்கிறவர். உசிலம்பட்டியை விட்டு வந்து இருபது வருடத்தில் கொங்குக்காரர்களே அசந்துபோகும் அளவுக்கு ‘ங்க’ போடப் பழகியிருந்தார்; திட்டும்போதுகூட மரியாதை குறையாது. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு, மிஷின் சும்மா நிற்பது. பகல் ஷிப்ட் ஆள் இறங்கும்போதே ராத்திரி ஷிப்ட் ஆள் ஏறிவிட வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் தங்கும் அறையிலும் இதே சட்டம்தான். எட்டுப் பேருக்கு நாலு பாய். ஒருவன் எழுந்த சூட்டில் இன்னொருவன் படுப்பான். பாய் வீணாகவில்லை என்பதில் அவருக்கு மெய்யான பெருமை.

மழைக்கால லீவில் ஊருக்கு வந்திருந்த முனீஸ் யோசனை கேட்க அவரிடம் போனான். போகாமல் இருந்திருக்கலாம். கேட்டலாக்கை வாங்கியவர் முதலில், துணிக்குப் பார்ப்பதுபோல, தாளைத் தடவி ஜிஎஸ்எம் கனம் பார்த்தார்.

“இந்த ரெண்டாம் பக்கத்துப் பீசு என்னமோ செகண்ட்ஸ் மாதிரி இருக்குதுங்க மாப்ளே. நாலாம் பக்கமுன்னா கல்யாணங்காட்சிக்கும் கட்டிட்டுப் போலாமுங்க.”

“அது ஒரு ஆளால முடியாது மச்சான்.”

“ஒரு நாளைக்கு எத்தன மணி நேரமுங்க ஓடும்?”

“ரெண்டு டைவு. ஒவ்வொண்ணும் முக்கா மணி நேரம்.”

“ஒண்ணரை மணியாச்சுங்க. மிச்ச நேரம்?”

“கையில கெடக்கும். ஆனா அப்பவும் ஒடம்புல இருக்கறத எண்ணிக்கிட்டுத்தான் இருக்கும்.”

“எண்ணட்டுமுங்க. தண்ணிக்குள்ள போகாதில்லீங்க? அப்ப ஐடில்தானுங்களே.” பெருமாள்சாமிக்கு நெஞ்சு பதறிவிட்டது. “அந்த காதர்பேட்டை பாய் வீட்டுத் தம்பியோட பார்ட்னர் போட்டுக்குங்க. காலைல ஒருத்தரு, மத்தியானம் ஒருத்தரு. ரெண்டு ஷிப்ட்டு ஓட்டுங்க.”

காபி கொண்டுவந்த சித்ராதேவி நின்றாள். செக்கிங் டேபிளில் பத்து வருடம் துணியில் ஓட்டை பார்த்துப் பழகிய கண். “ரெண்டு பேரு ஒடம்பும் ஒண்ணா என்ன? அது எப்படிண்ணா பிரிச்சு எண்ணும்?”

“நம்ம ஜெனரேட்டருக்கு எந்த மிஷினுக்குக் கரண்டு போகுதுன்னா தெரியுதுங்கம்மிணி? அது பாட்டுக்கு ஓடுது.”

ஏழாவது கேள்வி முனீஸின் தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே டைட்டானியமும் கண்ணில் பட்டது. கேள்வியைக் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டான். யார் மேலும் பழி போட வேண்டாம், ஆசைப்பட்டவன் அவன்தான். தௌபிக்குக்கும் அதே ஆசை இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. அவன் மாமா சலாவுதீன் சிங்கப்பூர் போய்வருகிறவர். அவர் வாங்கி வந்து கொடுத்தார். தீவுக்குத் திரும்பும் முன் முனீஸ் அதைக் கட்டிக்கொண்டு இரண்டு காதுகுத்துக்குப் போனான். மணி கேட்காதவர்களுக்கும் மணி சொன்னான்.

ஏமாற்றுவது பெரிய கஷ்டமாக இல்லை. காலை டைவுக்கு ஒருவன், மத்தியான டைவுக்கு ஒருவன் என்று பேர் கொடுத்தார்கள். படகு கரைக்கு வந்ததும் கழிவறைப் பக்கம் போய்க் கை மாற்றிக்கொள்வார்கள். முதலாளியம்மா யாரைப் பார்த்தாலும் அவன் கையில் கம்ப்யூட்டர் இருந்தது. அது பாவம், காலையில் ஒருவன் ரத்தம், மத்தியானம் இன்னொருவன் ரத்தம் என்று தெரியாமல் ஒரே ஆளாக நினைத்து எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத இரண்டு மாதத்தைப்போல மனிதனைக் கெடுப்பது வேறில்லை.

டிசம்பரில் ஒரு நாள் காலை ஷிப்ட் தௌபிக்குடையது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களை ஆறு மீட்டரில் முட்டி போடவைத்துக்கொண்டிருந்தான். அதே நேரத்தில் இன்னொரு இடத்தில் படகு கட்டும் கயிறு அறுந்துவிட்டது. முனீஸ் முப்பது மீட்டருக்கு இரண்டு தடவை இறங்கிக் கட்டினான். கையில் கம்ப்யூட்டர் இல்லை. பழகின இடம்தானே என்று போய்விட்டான். மத்தியானம் அவன் ஷிப்ட். கம்ப்யூட்டர் கைக்கு வந்தது. நான்கு விருந்தாளிகளோடு மறுபடி ஆழத்துக்குப் போனான். தௌபிக்கின் அலுங்காத காலைப்பொழுதை மனதில் வைத்துக்கொண்டு, இன்னும் நேரம் இருக்கிறது, இரு இரு என்றது அது. அவனும் ஆமை காட்டிக்கொண்டு இருந்தான்.

படகில் ஏறியதும் வலது தோள் வலித்தது. துணி ரோல் தூக்கின காலத்து வலி என்று நினைத்தான். கால்மணி நேரத்தில் கை மரத்தது. நீட்டிய தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க முடியவில்லை. ஆக்சிஜன் மாட்டிப் படுக்கவைத்தார்கள். முதலாளியம்மா அவன் கையிலிருந்து கம்ப்யூட்டரைக் கழற்றி, பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

“காலையில நீ முப்பது மீட்டர் போனே. இதுல ஆறுன்னு இருக்கு. இது யாரோட காலை, முனீஸ்?”

அவன் சொல்லிவிட்டான். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. எட்டு வருடம் அவன் பக்கத்தில் நின்ற ஒவ்வொரு மிஷினிலும் ஒரு மீட்டர் இருந்தது. எத்தனை சுற்று ஓடியது என்று அது எண்ணும். நின்றவன் நெஞ்சுக்குள் எவ்வளவு பஞ்சு போனது என்று எண்ண எங்கும் ஒரு மீட்டர் கிடையாது. வாழ்க்கையில் முதல் முறையாக, அவன் ஒருவன் உடம்பை மட்டும் எண்ணுவதற்கென்று ஒரு சாமான் வந்தது. அதையும் மடையன் ஷிப்டுக்கு விட்டான்.

போர்ட் பிளேரில், ரத்தத்துக் குமிழியைக் கரைக்கும் அழுத்த அறைக்குள் ஐந்து மணி நேரம் அடைத்து வைத்தார்கள். கை திரும்பியது, இரண்டு விரலைத் தவிர. இனி கடலுக்குள் இறங்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எத்தனை நாளைக்கு என்று கேட்டபோது, எப்போதுமே என்றார். அன்று முனீஸ் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதான்.

மறுநாள் காலை பெருமாள்சாமி போன் செய்தார். பின்னால் ஆறு மிஷினும் இரைந்துகொண்டிருந்தன. நடந்ததில் பாதி கேட்டதுமே அவருக்குக் கவலை வந்துவிட்டது.

“ஏனுங்க மாப்ளே, மிஷினுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?”

“மிஷினு நல்லா இருக்கு மச்சான். ஆளுதான் இனிமே ஓட முடியாது.”

“அதுக்கென்னுங்க, வேற ஆளப் போட்டு ஓட்டச் சொல்லுங்க.” இருபது வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்திருக்க வேண்டும்.

“போட்டுட்டாங்க மச்சான்,” என்றான் முனீஸ். “காலையும் மத்தியானமும் இப்ப தௌபிக்தான்.”