மூன்றாவது கடிதம்

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெர்லீனும் மகள் மார்லாவும் சமையலறை மேசைமேல் செய்தித்தாளை விரித்துப் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கூடை. உரித்து, ஒடித்து, வேகவைத்துப் புட்டியில் அடைத்தால் குளிர்காலம் முழுக்க வரும். கை வேலை செய்ய வாய் சும்மா இருக்கக் கூடாது என்பது வெர்லீனின் கட்டளை. மார்லா கேள்வி கேட்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும்.

"மணிக்கட்டுல எத்தனை எலும்பு?"

"எட்டு. அதுல உங்கப்பன் எதை உடைச்சான்னும் சொல்லட்டுமா? கட்டை விரலுக்குக் கீழ, படகு மாதிரி இருக்குமே, அது."

"அது பரீட்சைல வராது மா."

"வரணும். இந்த ஊர்ல நர்ஸ் வேலைக்கு முதல் கேள்வியே அதுதான் கேக்கணும்."

வெர்லீனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊருக்கு வெளியே இருந்த முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருஷமாக உதவியாளர். புரட்டுவது, துடைப்பது, தூக்குவது, ஊட்டுவது. ஆகஸ்டிலிருந்து கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் மாணவி. இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் உடல் தகுதிப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் இடம் உறுதி. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

அம்மாவின் கிண்ணத்தைப் பார்த்தாள் மார்லா. பாதி பீன்ஸில் நார் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மா இது? கண்ணு தெரியலையா?"

"நர்ஸம்மாகிட்ட மரியாதையாப் பேசுடி." வெர்லீன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். தலைவலிப் பொடி. பிரித்து நாக்கில் கொட்டி, கோலாவை ஒரு மடக்கு குடித்தாள். "படிச்சுப் படிச்சு மண்டை காயுது. அது கிடக்கட்டும், உன் பெட்டில இந்த அளவுல ஒரு பின் இருக்கா பாரு."

உடைந்த இரும்புப் பின் ஒன்றை நீட்டினாள். சக்கர நாற்காலியில் கால் வைக்கும் கம்பியைப் பிடித்திருக்கிற பின்.

"அங்க ரிப்பேருக்கு ஆள் இல்லையா?"

"இருக்கான். சொல்லி மூணு மாசம் ஆச்சு. வருவான், என் கருமாதிக்கு வருவான்."

மார்லா மூன்று மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் சி.டி. ஸ்கேன் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். அவள் பெட்டியில் இல்லாத பின் இல்லை. ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். வெர்லீன் அதைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் பீன்ஸை எடுத்தாள். இடது கைதான் எடுத்தது, எடுத்ததைக் கீழே விட்டது. மார்லா பார்த்தாள். குனிந்து அதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

வெர்லீன் பிறந்தது கென்டக்கி மலையில் ஒரு சுரங்கக் குடியிருப்பில். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது வேலைநிறுத்தம் நடந்தது. யாரோ வீட்டுக்குள் சுட்டார்கள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளிக் குண்டு போனது. அவளுடைய அப்பா சுவரில் விழுந்த ஓட்டையைக் காட்டி, "பயந்தா அடுத்த குண்டு இன்னும் நேரா வரும்" என்றார். அந்த வீட்டில் கிடைத்த பாடம் அவ்வளவுதான்.

பத்தொன்பது வயதில் ராய்ஸைக் கட்டிக்கொண்டாள். ராய்ஸ் கை நீட்டுகிற ஆள். குடித்தால் ஒரு கை, குடிக்காவிட்டால் இரண்டு கை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மார்லாவுக்கு ஏழு வயதானபோது நர்சிங்கில் இடம் கிடைத்ததாக முதல் கடிதம் வந்தது. ராய்ஸ் உடற்கூறியல் புத்தகத்தைக் குப்பை எரிக்கிற பீப்பாயில் போட்டுக் கொளுத்தினான். எடுக்கப் போனவளின் கையைக் காரின் கதவில் வைத்துச் சாத்தினான். இரண்டு முறை. எலும்பு முறிந்த சத்தம் மார்லாவுக்கு வீட்டுக்குள்ளிருந்தே கேட்டது. கட்டுப் போட்ட கையோடு நோயாளியைத் தூக்க முடியாது என்று கல்லூரி இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டது.

நர்சிங்கில் சேர முன்கூட்டியே படித்துத் தேற வேண்டிய அறிவியல் பாடங்களுக்கு அங்கே ஐந்து வருஷம்தான் ஆயுள். அதற்குள் சேராவிட்டால் திரும்பப் படிக்க வேண்டும். வெர்லீன் திரும்பப் படித்தாள். முப்பத்தொன்பது வயதில் இரண்டாவது கடிதம் வந்தது. ராய்ஸ் அதையும் பிடுங்க வந்தான். இந்தத் தடவை அடுப்பில் இரும்பு வாணலி இருந்தது. அவன் தாடை இரண்டாகப் பிளந்து, பல் மூன்று தரையில் விழுந்தது. ஷெரிஃபின் ஆட்கள் இருவரையும் விலங்கு போட்டுக் கூட்டிப் போனார்கள். அடிதடி வழக்கு உள்ளவர்களை நர்சிங்கில் சேர்க்க மாட்டார்கள்.

"அந்த வாணலியை ஒரு வாரம் கழிச்சு எடுத்திருக்கலாம்" என்பாள். வருத்தப்பட்டது அதற்கு மட்டும்தான்.

ராய்ஸை விட்டாள். வழக்கு அழிய ஐந்து வருஷம். பாடங்களை மூன்றாவது தடவையாகப் படித்தாள். நாற்பது இடத்துக்கு இருநூற்றுச் சொச்சம் பேர். காத்திருப்போர் வரிசையில் இரண்டு வருஷம் நின்றாள். இல்லத்தில் கடி, கீறல், உதை எல்லாம் வாங்கிக்கொண்டாள். உதவியாளர்கள் யாரும் அதையெல்லாம் எழுதி வைப்பதில்லை. நினைவு தப்பினவர்கள் அடிப்பதைப் புகார் பண்ணினால் அவர்களை அரசு மனநல ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை. அதனால் ஐஸ் வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்க்கும்போது வெர்லீன் விழுந்தாள். ஹெலிகாப்டரில் லெக்ஸிங்டனுக்குக் கொண்டு போனார்கள். புதன்கிழமை விடியும்போது உயிர் போய்விட்டது.

டாக்டர் படத்தைக் காட்டி விளக்க வந்தார். மார்லா, "வேணாம், எனக்குத் தெரியும்" என்றாள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பிறை மாதிரி ரத்தம். அதிலே இரண்டு நிறம். வெளுத்தது புதுசு. மங்கினது பழசு. இரண்டு வாரம் இருக்கும். விழுந்ததால் வந்த ரத்தம் இல்லை இது. ரத்தம் இருந்ததால் விழுந்திருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் யாரோ அம்மாவைத் தலையில் அடித்திருக்கிறார்கள்.

யார் என்று அவள் யோசிக்கவே இல்லை.

ராய்ஸ் தன் டிரெய்லர் வீட்டுக்கு வெளியே புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு ஏதோ செய்துகொண்டிருந்தான். மார்லா பெரிய ஸ்பேனரோடு வண்டியிலிருந்து இறங்கினாள்.

"என்னடி இந்தப் பக்கம்?"

"அம்மா செத்துட்டா."

அவன் எழுந்திருப்பதற்குள் முதல் அடி விழுந்தது. முன்கையில். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்குப் பழகின சத்தம். இரண்டாவது அடி தோளில். அவன் வாய் மோத இயந்திரத்தின் மேலேயே சாய்ந்தான்.

"ரெண்டு வாரம் முன்னாடி எங்க இருந்த?"

"ஓஹையோல. உன் சித்தப்பன் வீட்ல ஒரு மாசம் இருந்தேன், போன வாரம்தான் வந்தேன். போன் பண்ணிக் கேளு." வாயில் ரத்தம் வந்தது. "நான் அடிச்சிருக்கேன். இல்லைன்னு எந்த நாய்கிட்டயும் சொன்னதில்ல. இது நான் இல்லடி."

சித்தப்பாவுக்கு அங்கேயே போன் பண்ணினாள். ராய்ஸ் சொன்னது நிஜம். அவனுடைய மற்ற அடிகளுக்கெல்லாம் இது போதாது என்று நினைத்துக்கொண்டே அவனைத் தூக்கி வண்டியில் ஏற்றி, எலும்பு கட்டுகிற இடத்தில் இறக்கிவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை சவச்சடங்குக் கூடத்தில் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். ராய்ஸ் முறிந்த கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். வெர்லீனோடு பதினைந்து வருஷம் வேலை பார்த்த டோனிட்டா அவனைப் பார்த்தாள்.

"அவனுக்கு என்ன ஆச்சு?"

"நான்தான். அம்மா மண்டைல அடிச்சது அவன்னு நினைச்சேன்."

டோனிட்டாவின் முகம் செத்துவிட்டது. மார்லாவின் கையைப் பிடித்துக் கோட்டு மாட்டுகிற அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எஸ்டில்தான்" என்றாள்.

இல்லத்தில் இருக்கும் எஸ்டில் கிழவருக்கு எண்பத்தைந்து வயது. பழைய சுரங்கத் தொழிலாளி. ஊரில் வேலைநிறுத்தம் முடிந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. அவருக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. வாசல் வழியாக வேகமாக வருகிறவர்கள் எல்லாரும் வேலைநிறுத்தத்தை உடைக்க வந்த கருங்காலிகள். அதனால் வாசலிலேயே நின்று, "அண்ணே, ஷிப்ட் முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வழியைக் கண்டுபிடித்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே வெர்லீன்தான்.

"அன்னிக்கு மத்தியானம் லெட்டர் வந்துச்சு" என்றாள் டோனிட்டா. "சந்தோஷத்துல ஒவ்வொரு ரூமா ஓடினா. எஸ்டில் ரூமுக்குள்ளயும் கைதட்டிக்கிட்டே ஓடிட்டா. நாற்காலிக் கால்கம்பி கழண்டு அவர் கையிலயே இருந்துச்சு. ஒரே அடி. கண்ணு சொருகிப் போச்சு."

மார்லா அவளைக் காலிக் கொக்கிகளோடு சேர்த்துச் சுவரில் மோதினாள். கழுத்தில் கை இருந்தது. "எழுதினியா? நடந்ததை எழுதிக் குடுத்தியா?"

"எழுதத்தான் போனேன். பேனாவைப் பிடுங்கிட்டா. எழுதினா கம்பெனி டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. லேசான வேலைதான் பாக்கணும்னு சீட்டுக் குடுப்பான். அந்தச் சீட்டு இருந்தா காலேஜ்ல எடுக்க மாட்டான். அம்பது பவுண்டு தூக்க முடியும்னு எவனாவது கையெழுத்துப் போடணும்ல? 'ரெண்டு தடவை அவனால போச்சு டோனிட்டா, இந்தத் தடவை யார் அடிச்சாலும் நான் விட மாட்டேன்'னா."

"தலைவலிக்கு என்ன சாப்பிட்டா?"

"பொடிதான். நாம எல்லாரும் அதைத்தானே போடுறோம்?"

நாள் ஒன்றுக்கு ஆறு பொட்டலம். அதில் இருப்பது ஆஸ்பிரின். கசிகிற ரத்தத்தை உறைய விடாது. அது வெர்லீனுக்குத் தெரியும். ரத்தம் உறைவது பற்றிய பாடத்தில் அவள் எடுத்தது நூற்றுக்கு நூறு. ஆனால் இந்த மலையில் தலை வலித்தால் பொடி. அவள் அம்மா போட்டாள், அவள் போட்டாள், மார்லாவின் வண்டியிலும் நான்கு பொட்டலம் கிடந்தது. படித்தது ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம்.

மார்லா கையை எடுத்தாள். டோனிட்டா கழுத்தைத் தடவிக்கொண்டு, "இன்னொண்ணு அடி, வாங்கிக்கறேன்" என்றாள். மார்லா அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அம்மாவின் வண்டியை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். எதற்குப் போகிறாள் என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஸ்பேனர் பக்கத்தில் இருந்தது. முன்கண்ணாடிக்கு மேல் வெயில் மறைக்க மடிக்கும் தட்டில் ஒரு பழுப்பு உறை செருகியிருந்தது. பிரேக் போட்டபோது மடியில் விழுந்தது. உள்ளே ஏதோ கனமாக இருந்தது. இல்லத்து வாசலில் நிறுத்திவிட்டுப் பிரித்தாள். மேலாக இரும்புப் பின் கிடந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஸ்பேனர் அங்கேயே கிடந்தது.

எஸ்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மார்லா நேராக உள்ளே போனாள். கிழவர் முஷ்டியை வீசினார். உதடு கிழிந்தது. மார்லா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். எட்டு எலும்பும் விரலுக்கடியில் தெரிந்தன. கொஞ்சம் திருகினால் போதும். படகு மாதிரி இருப்பதுதான் முதலில் போகும்.

"கருங்காலி நாயே, விடுடி" என்றார்.

குனிந்து பார்த்தாள். கால்கம்பியை வெள்ளைப் பிளாஸ்திரியால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. அம்மாவின் கட்டு. அடி வாங்கிய பிறகு, அடித்தவரின் நாற்காலியிலேயே குனிந்து கட்டியிருக்கிறாள்.

"அண்ணே" என்றாள் மார்லா. மறுபடியும் சொன்னாள். "அண்ணே, ஷிப்ட் முடிஞ்சது."

கிழவரின் கை தளர்ந்தது. மார்லா தரையில் உட்கார்ந்து பிளாஸ்திரியை அறுத்தாள். உடைந்த துண்டைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுப் பின்னை இறக்கினாள். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. உதட்டு ரத்தம் அவருடைய செருப்பில் சொட்டியிருந்தது. துடைத்தாள்.

வண்டிக்குத் திரும்பியபோது பதினொன்றே முக்கால். கல்லூரி பத்து நிமிஷ தூரம். உறையிலிருந்த படிவத்தை வெளியே எடுத்தாள். டாக்டர் கையெழுத்து இருந்தது. ஐம்பது பவுண்டு தூக்கலாம். கட்டுப்பாடு எதுவும் இல்லை. சமீபத்தில் தலையில் காயம் உண்டா என்ற கேள்விக்கு அம்மா தன் கையாலேயே "இல்லை" என்று எழுதியிருந்தாள்.

உறைமேல் வெர்லீனின் கோணல் எழுத்தில் ஒரு பட்டியல். கைரேகை. தடுப்பூசி. வெள்ளை ஷூ. மூன்றும் கோடு போட்டு அடித்திருந்தது. அதற்குக் கீழே, எஸ்டில் நாற்காலி. அதை மார்லா பேனாவால் அடித்தாள். கடைசி வரி, படிவம், வெள்ளி, பன்னிரண்டுக்குள்.

படிவத்தின் அடியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. மாணவி நேரில் வந்து தர வேண்டும்.