மூன்றாம் மாடித் தங்கை

பேருந்தில் யாராவது அவள் காலை மிதித்தால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். கேட்டதோடு விடமாட்டாள். காலை அங்கே வைத்தது நம் தப்புதானே என்று வீடு வந்து சேரும்வரை மருகிக்கொண்டிருப்பாள். இப்படியும் ஒரு ஜென்மம்! கடையில் அவளுக்குப் 'பூனை' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. பூனையாவது பசித்தால் கத்தித் தொலைக்கும். இவள் அதுவும் செய்யமாட்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. லென்ஸைச் சக்கரத்தில் உரசி, ஃபிரேமுக்குள் பொருத்தி, ஓரத்தைத் துடைத்து, டப்பாவில் போட்டு முன்னால் அனுப்ப வேண்டும். சக்கரம் ஓடும் சத்தத்தில் யாரும் பேச வரமாட்டார்கள். அதனாலேயே அந்த அறை அவளுக்குப் பிடித்திருந்தது. முதலாளி இன்று என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதை அவர் ஷட்டரைத் தூக்கும் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். தெருவில் இரண்டு பேர் சத்தம் போட்டுச் சண்டை போட்டால் உள்ளே இவள் சக்கரத்தை நிறுத்திவிடுவாள். போன் பேச வேண்டுமென்றால் பேசவேண்டியதை முதலில் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகிக்கொள்வாள். அந்தப் பக்கம் யாரும் எடுக்காவிட்டால் அன்று முழுக்க அவளுக்குத் திருவிழாதான்.

வீட்டில் இருந்தது அவளும் அக்காவும் மட்டும். அக்கா பிரசவ வார்டு நர்ஸ். அவள் போடுகிற சத்தத்துக்குப் பயந்தே குழந்தைகள் வெளியே வந்துவிடுகின்றன என்று ஆஸ்பத்திரியில் கேலி செய்வார்கள். அம்மாவும் அப்பாவும் போனபிறகு தங்கையை ஆளாக்கியவள் அவள்தான். "உனக்கு வாய்னு ஒண்ணு எதுக்குடி குடுத்தாரு கடவுள்? சோறு திங்க மட்டுமா?" என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே தட்டில் இன்னொரு கரண்டி போடுவாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி பின்னறைக்குள் தலையை நீட்டினார். "பூனை, போற வழிதானே? இந்தக் கண்ணாடியை அந்தப் பழைய கட்டடத்துல, மூணாவது மாடி அம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிடு. அவங்க கீழ இறங்கறதில்ல." போகிற வழியாவது ஒன்றாவது! அந்தக் கட்டடம் நேர் எதிர்த் திசையில் இருந்தது. "சரிங்க" என்றாள்.

படிக்கட்டில் வெளிச்சம் போதவில்லை. மற்ற மாடிகளில் குழந்தை அழுகிற சத்தமும் பாத்திரம் உருட்டுகிற சத்தமும் கேட்டன. மூன்றாம் மாடியில் மட்டும் கப்சிப். மணியில் விரல் வைக்கும் முன்பே கதவு திறந்தது.

"வந்துட்டியா? அக்கா எவ்ளோ நேரமா வாசலையே பாத்துட்டு நிக்கறேன்" என்றாள் அந்த அம்மாள். ஐம்பது வயதிருக்கும். தலையைப் படியச் சீவி, இஸ்திரி போட்ட உடுப்பில் இருந்தாள். "உள்ள வா. செருப்பை எப்பவும் விடற இடத்துலயே விடு."

செருப்பு அலமாரியில் இரண்டு ஜோடிகளுக்கு நடுவே ஒரு ஜோடிக்கான இடம் காலியாக இருந்தது. பூனை அங்கே விட்டாள்.

பாவம், கண் தெரியவில்லை, தங்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது இரண்டே பேச்சில் புரிந்துபோயிற்று. பரவாயில்லை, கண்ணாடியைப் போட்டால் தெரிந்துவிடப் போகிறது, அப்புறம் இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தானே கண்ணாடியை மாட்டிவிட்டாள். காதுக்குப் பின்னால் வளைவு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள். அந்த அம்மாள் இவள் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். நெற்றி, கண், மூக்கு, வாய் என்று நிதானமாகப் பார்த்தாள்.

"நீயேதான். கொஞ்சம் இளைச்சுட்ட, அவ்வளவுதான்" என்றாள்.

பூனை மறுபடி அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். பவரில் தப்பே இல்லை. அவள் கையால் உரசிப் பொருத்திய லென்ஸ் அது.

நீங்களும் நானுமாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்போம், அம்மா, நான் கண்ணாடிக் கடையிலிருந்து வருகிறேன் என்று. அவளுக்கும் அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. ஆனால் சொன்னால் இந்த முகம் வாடிப்போகுமே! நேற்றுவரை தெரியாத ஒருத்தியின் முகம் வாடக்கூடாது என்று வாக்கியத்தை மென்று விழுங்கினாள். அதற்குள் டீ வந்துவிட்டது. பாதி டீ குடித்தபிறகு எப்படிச் சொல்வது? முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டால்? அசட்டுத்தனம்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது மலையாக இருந்தது.

டீ கொண்டுவந்தவர் அந்த அம்மாளின் புருஷன். ஒல்லியாக, தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கிற மனிதர். இவருக்காவது கண் தெரியுமே என்று பூனை கெஞ்சுகிற மாதிரி அவரைப் பார்த்தாள். அவரும் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "வாம்மா. மாமாவை மறந்துட்டியா?" என்றார்.

மனைவிக்காக நடிக்கிறார், வாசலில் தனியாகச் சொல்லுவார் என்று தைரியம் சொல்லிக்கொண்டாள். வாசல்வரை வந்தார். செருப்பை எடுத்துக் காலருகே வைத்தார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சீக்கிரம் வந்துடு, அவ காத்துக்கிட்டு இருப்பா" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

காத்துக்கொண்டிருப்பார்களே! அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. மறுநாள் போனாள். அடுத்த ஞாயிறும் போனாள். கடையில் அதிக வேலை என்று வீட்டில் பொய் சொன்னாள். சினிமாவுக்கு டிக்கெட் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்த அக்கா, மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்வந்தாள். இப்படிப்பட்டவர்கள் நல்லகுணத்தின் லட்சணம் இதுதான். ஊரில் உள்ள எல்லோருக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அதற்கெல்லாம் வீட்டில் இருக்கிற ஒருத்தி வயிறெரிய வேண்டும். எனக்குக் கோபமாக வருகிறது, ஆனால் அவளைப் பார்த்தால் திட்டவும் மனசு வராது.

மூன்றாம் மாடியில் அவளுக்கு ஒரு துண்டு இருந்தது, ஒரு டம்ளர் இருந்தது. சுவரில் ஒரு போட்டோகூட இல்லை. அந்த அம்மாள் பழங்கதை பேசிக்கொண்டே இருப்பாள். ஒருநாள், "மாடிப்படில உருண்டு விழுந்தியே, ஞாபகம் இருக்கா? முழங்கால்ல தழும்பு இருக்குமே" என்றாள்.

பூனை வீட்டுக்கு வந்து பார்த்தாள். வலது முழங்காலில் தழும்பு இருந்தது. யார் முழங்காலில்தான் இருக்காது! ஆனால் அது எப்படி வந்தது என்று யோசித்தபோது ஒரு மாடிப்படி கண்முன் வந்தது. பச்சை வர்ணம் அடித்த கைப்பிடிகூடத் தெரிந்தது. பயந்துபோய் அக்காவிடம் ஓடினாள்.

"சைக்கிள் ஓட்டறேன்னு சாக்கடைக்குள்ள விழுந்தடி. நான்தானே தூக்கினேன். நாத்தம் தாங்கல" என்றாள் அக்கா.

"மாடிப்படில இல்லையாக்கா?"

"நம்ம வீட்ல ஏதுடி மாடி?"

பூனை ஆமாம் என்று தலையாட்டினாள். ஆனால் சைக்கிள் நினைவுக்கு வரவில்லை. படிதான் வந்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. கடைக் கண்ணாடியில் முகம் பார்த்தால், யாரோ தாடையைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. குடியிருக்க வீடும் தருகிறார்கள். "மூட்டையைக் கட்டு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ். நீ இல்லாம நான் ஏறமாட்டேன்" என்றாள் அக்கா. பூனைக்கு உயிர் திரும்பி வந்தது. வேலையை விடுகிறேன் என்று முதலாளியிடம் சொல்ல வாய் வராமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அக்காவே போன் போட்டு ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். ஆனால் மூன்றாம் மாடி விஷயம் அக்காவுக்குத் தெரியாது. அதை இவளேதான் முடிக்க வேண்டும்.

போகாமலே இருந்திருக்கலாம். காத்திருப்பார்களே என்று அவளால் இருக்க முடியவில்லை. ஞாயிறு மதியம், பஸ்ஸுக்கு முன்னால் ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினாள். வழியெல்லாம் உதட்டை அசைத்துச் சொல்லிப் பழகினாள்.

அங்கே பக்கத்து அறை திறந்திருந்தது. கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. கொடியில் அவள் அளவுக்கு உடுப்புகள் தொங்கின.

"இனிமே என்ன போறதும் வர்றதும்? இங்கேயே இருந்துடு" என்றாள் அந்த அம்மாள்.

"சரிக்கா" என்றாள் பூனை.

சொன்னபிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. அடிப்பாவி! அங்கே பஸ் நிலையத்தில் மூட்டையோடு அக்கா நிற்கப் போகிறாள்.  டீ போட உதவுகிற சாக்கில் சமையலறைக்குள் ஓடினாள்.

மாமா டீயை வடிகட்டிக்கொண்டிருந்தார். மீதிப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, கைத்துணியால் ஃபிரிட்ஜின் கதவைத் துடைத்தார்.

"இதை ரிப்பேர் பண்ணத்தான் வந்தேன்" என்றார் மெதுவாக.

"யாரு மாமா?"

"நான்தான். குளிரே இல்லன்னு கடைக்கு போன் வந்துது. பையைத் தூக்கிட்டு வந்தேன். கதவைத் திறந்ததும், 'வந்துட்டீங்களா, ஏன் இவ்ளோ லேட்டு'ன்னு கேட்டா. ஆபீஸ்ல வேலை இருந்துதுன்னு சொல்லிட்டேன். எனக்கு ஏதும்மா ஆபீஸ்?" சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "அப்போ எனக்கு வீட்ல பொண்ணு பாத்து வச்சிருந்தாங்க. தலை நரைக்கல."

பூனை ஃபிரிட்ஜை விட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். "அப்போ அக்காவோட தங்கச்சி?"

"தங்கச்சி ஏது? அவ ஒரே பொண்ணு. வர்றவங்க எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேப்பா. தண்ணி கேன் போடறவன், மீட்டர் பாக்க வர்றவன், எல்லார்கிட்டயும். 'நான் அவன் இல்லம்மா'ன்னு சொல்லிட்டா விட்டுடுவா. சொல்லாதவங்கதான் உள்ள வருவாங்க."

"நீங்க ஏன் மாமா சொல்லல?"

"அவ முகம் வாடிடுமே" என்றார்.

பூனை அவரைப் பார்த்தாள். குறுகிய தோள், எதற்கும் மன்னிப்புக் கேட்கிற கண். இன்னும் கொஞ்ச வருடத்தில் தான் இருக்கப்போகிற கோலம் எதிரே நின்று டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தது. பயம் என்றால் அப்படியொரு பயம். அதுவரை அவள் பட்ட பயமெல்லாம் சும்மா என்று அப்போது தெரிந்தது.

கூடத்துக்கு வந்தாள்.  பழகி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "இல்லம்மா" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "நான் இருக்கமாட்டேன். இனிமே வரவும் மாட்டேன். நான் உங்க தங்கச்சி இல்ல. எனக்கு அக்கா இருக்கா, பஸ் ஸ்டாண்டுல நிப்பா."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கூரை இடிந்து விழும், அழுகை கேட்கும், சாபம் வரும் என்று காத்திருந்தாள்.

"சரி" என்றாள் அந்த அம்மாள்.

பூனை கண்ணைத் திறந்தாள். அந்த முகம் வாடவே இல்லை. கோபம் இல்லை, வருத்தம் இல்லை, எதுவுமே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "போறப்போ அந்த ரூம்ல ஃபேனை அணைச்சுட்டுப் போ" என்றாள், மீட்டர் பார்க்க வந்தவனிடம் சொல்வது போல.

பின்னால் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. தட்டைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் மாமா நின்றார். டீ தளும்பித் தட்டெல்லாம் வழிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்றார். அவளைக் கேட்டாரா, மனைவி என்று இருந்தவளைக் கேட்டாரா, தெரியவில்லை.  "அவ்வளவுதானா?" என்று மறுபடியும் கேட்டார். குரல் உடைந்துபோயிற்று.

பூனை செருப்பை மாட்டிக்கொண்டாள். ஜென்மத்தில் முதல்முறையாக ஒருவரை அவளாகக் கூப்பிட்டாள். "வாங்க, என்கூட வந்துடுங்க. படி இறங்கிட்டா போதும்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். ஒரு அடி எடுத்து வைத்தார். இன்னொரு அடியும் வைத்தார். வாசலுக்கு வெளியே படிக்கட்டைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போது உள்ளேயிருந்து சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. சட்டென்று திரும்பினார்.

"அடுப்புல பால் வச்சிருக்கேம்மா, பொங்கிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.