ஐந்தாவது தட்டு

எனக்குக் கோபம் வந்தால் ஆறுவதற்கு நாளெடுக்கும். இந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். என் கணவர் எனக்குத் துரோகம் செய்தார். உடனே வேறு பெண், குடி, சூது என்று கற்பனை பண்ணாதீர்கள். அவர் ஓர் இரும்புத் தட்டுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தார். அவ்வளவுதான்.

நாங்கள் ஒடென்சே என்ற டேனிஷ் நகரத்தில் இருக்கிறோம். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அவருக்குத் தொழிற்சாலையில். பிள்ளை வளர்ந்து தன் பாட்டில் போன பிறகு, பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் ஒருநாள் தன்னுடைய பிஸ்டல் கிளப்பைப் பார்க்க வரும்படி எங்களைக் கூப்பிட்டார். பார்க்கப் போனவர்கள் உறுப்பினராகிவிட்டோம். இதைக் கேட்டு யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்கா தொலைபேசியில் கத்தினாள்.

"துவக்குச் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள விழுந்தெழும்பி ஓடின சனம், அங்க போய் சந்தா கட்டிச் சுடுறியளோ? விசரோடி உனக்கு?"

"ஓம் அக்கா, விசர்தான்" என்றேன். வேறு எப்படி விளங்கப்படுத்துவது? ஊரில் துவக்கு எப்போதும் வேறு யாருடைய கையிலோ இருந்தது. அதன் வாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்கள்தான் தீர்மானித்தார்கள். இங்கே அது என் கையில் இருந்தது, நான் காட்டிய பக்கம்தான் பார்த்தது. முதல் நாளே எனக்கு அது பிடித்துப்போயிற்று. சொல்ல வெட்கமில்லை.

நாங்கள் சுடுவது ஒரே இடத்தில் அசையாமல் நின்று சுடும் வகை அல்ல. மண் அள்ளிப் பள்ளமான பழைய மண்கிடங்கு ஒன்றுக்குள் பலகைத் தடுப்புகளை நட்டு வைத்திருப்பார்கள். 'பீப்' என்றதும் ஓடி ஓடி, தடுப்புக்குத் தடுப்பு நின்று, கடதாசி இலக்குகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும். குறியும் வேண்டும், வேகமும் வேண்டும். அதில் ஆளைப் பைத்தியமாக்குகிற சாமான் ஒன்று இருக்கிறது. எல்லோரும் அதை நட்சத்திரம் என்பார்கள். ஒரு கம்பத்தில் சுழலுகிற சக்கரம், அதற்கு ஐந்து கைகள், ஒவ்வொரு கை நுனியிலும் தேநீர்ச் சாசர் அளவில் ஒரு வெள்ளைத் தட்டு. சுடும்வரை சாதுவாக நிற்கும். ஒரு தட்டு விழுந்ததும் பாரம் மாறிச் சக்கரம் சுழலத் தொடங்கும். தட்டுகள் விழ விழ அது தலைகால் தெரியாமல் ஆடும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் உச்சித் தட்டு. அது போனாலும் இரண்டு பக்கமும் பாரம் சரியாக இருப்பதால் சக்கரம் நிற்கும். பிறகு வலது, மூச்சு விடாமல் உடனே இடது. அது சுழல யோசிப்பதற்குள் மூன்று போய்விடும். இதை நான் சமையலறையில் சுவரில் ஐந்து காகிதம் ஒட்டி, வெறும் விரலை நீட்டிப் பழகினேன். அவர் தேநீர் குடித்தபடி பார்த்துச் சிரிப்பார். "நீர் என்னை விட நல்லாச் சுடுறீர்" என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்போது அது எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

கிளப்பில் அவருக்கு நல்ல பெயர். ஒருவர் சுட்டு முடிந்து நடுவர் அனுமதித்ததும், மற்றவர்கள் போய் விழுந்த தட்டுகளை மாட்டி, வெள்ளைப் பெயின்ற் ஸ்பிரே அடித்து, அடுத்தவருக்குத் தயார்பண்ண வேண்டும். அந்த ஸ்பிரே டின்னோடு முதல் ஆளாக ஓடுபவர் என் கணவர். ஒருத்தரும் கேட்க முன்னமே வேலை செய்து நல்ல பெயர் எடுப்பது, இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்தே எங்கள் ஆட்களுக்குப் பழகிவிட்டது. டேனிஷ்காரர்கள் அவர் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள்.

போன கோடையில் தேசியப் போட்டிக்குப் போகிற கிளப் அணியில் நான்காவது இடம் ஒன்று காலியாக இருந்தது. அந்த ஓர் இடத்துக்கு நின்றவர்கள் நானும் அவரும். கிளப் போட்டியில் யார் முன்னுக்கு வருகிறாரோ அவர் போவார் என்று அணித் தலைவர் சொன்னார். வீட்டில் அதைப் பகிடியாகத்தான் கதைத்தோம். ஆனால் எனக்கு அந்த இடம் வேண்டும். அப்படி வேண்டும் என்று நான் வாழ்க்கையில் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அது அவருக்கும் தெரியும்.

கடைசிச் சுற்றுக்கு வரும்போது நான் அவரை விடக் கொஞ்சம் முன்னுக்கு நின்றேன். அவர் சுட்டு முடித்துவிட்டார். நட்சத்திரத்தில் தடுமாறி நேரம் போக்கினாலும் ஐந்தையும் விழுத்தியிருந்தார். பிறகு நான். கடதாசி இலக்குகள் எல்லாம் சுத்தமாகப் போயின. நட்சத்திரத்தில் உச்சி, வலது, இடது, நான்காவது. ஐந்தாவது ஊஞ்சல்போல் ஆடியது. இரண்டு குண்டு தவறியது. கடைசிக் குண்டு 'ணங்' என்று பட்டது. வெள்ளைத் தட்டில் சாம்பல் நிறத்தில் குறி விழுந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். தட்டு விழவில்லை. கொக்கியில் சிக்கிக்கொண்டு அப்படியே நின்றது.

நான் பயப்படவில்லை. அடிபட்டும் தட்டு விழாவிட்டால் அது தட்டின் பிழை. நடுவர் குறியைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுட விடுவார். துப்பாக்கியை வெறுமையாக்கிக் காட்டி உறைக்குள் வைத்தேன். நடுவரிடம் டேனிஷில் சொன்னேன். "சரி, இதை எண்ணிவிட்டு அங்கே போய்ப் பார்ப்போம்" என்று அவர் இடதுபக்கத்துக் கடதாசிகளை எண்ணத் தொடங்கினார். நானும் கூடவே நடந்தேன். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால், அந்தத் தொங்கலில், கிடங்கின் மறுகோடியில், என் கணவர் ஸ்பிரே டின்னோடு நட்சத்திரத்துக்கு முன்னால் நிற்கிறார்.

"இஞ்சரப்பா, அதைத் தொடாதேங்கோ! அடிபட்டிருக்கு! பெயின்ற் அடிச்சுப்போடாதேங்கோ!"

பதறினால் எனக்குத் தமிழ்தான் வரும். வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தும்போது வேறென்ன மொழி வரும்? அந்த மண்கிடங்குக்குள் அத்தனை பேர் நின்றார்கள். நான் கத்தியது விளங்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். பிறகு அடித்தார்.

நடுவர் திடுக்கிட்டு, "உங்கள் மனைவி என்ன சொல்லிக் கத்தினார்?" என்று என் கணவரைக் கேட்டார்.

என் கணவர் சிரித்தபடி, அழகான டேனிஷில் சொன்னார்: "தவறவிட்டுட்டன் எண்டு தன்னையே திட்டுறா. கொஞ்சம் சூடான ஆள்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓடிப்போய் நடுவரிடம் நடந்ததை டேனிஷில் சொன்னேன். நடுவர் தட்டைத் தடவிப் பார்த்தார். விரலில் ஈரப் பெயின்ற் ஒட்டியது. அதற்குமுன் எத்தனையோ பேர் சுட்ட தட்டு, பெயின்றுக்குக் கீழே தழும்புக்குப் பஞ்சமில்லை. சத்தம் கேட்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். கம்பத்தில் பட்டாலும் அதே சத்தம்தான் வரும் என்று இன்னொருவர் சொன்னார். நடுவர் என் கணவரிடம் குறி இருந்ததா என்று கேட்டார்.

"நான் கவனிக்கேல்லை" என்றார்.

நடுவர் நல்ல மனிதர். என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். புருஷன் பெண்சாதிச் சண்டைக்குள் தலையைக் கொடுக்கக் கூடாது என்று அவர் முடிவெடுத்தது முகத்தில் தெரிந்தது. குறி இல்லை, தட்டு நிற்கிறது, ஆகவே தவறிய தட்டு என்று பதிந்தார். நான்காவது இடம் என் கணவருக்குப் போனது.

வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் நான்தான் வாயைத் திறந்தேன்.

"நான் கத்தினது உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ?"

"காதில மஃப் போட்டிருந்தனான். வடிவாக் கேக்கேல்லை."

அந்த மஃப் வெடிச் சத்தத்தை அடக்கி, பேச்சை இன்னும் பெரிதாகக் காதுக்குள் கொடுக்கிற வகை. அவருடைய பிறந்தநாளுக்கு நான் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தது.

"என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

"கார் ஓடுறன் எல்லோ."

வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார்: "எனக்குக் கண் மங்கிக்கொண்டு வருது. டொக்டர் சொன்னவர். உமக்கு அடுத்த வருசமும் இருக்கு. எனக்கு இதுதான் கடைசி. நீர் போனா என்ன, நான் போனா என்ன, ஒரு வீடுதானே?"

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா விட்டிருப்பீரோ?"

விட்டிருக்க மாட்டேன். பொய் சொல்லிப் பெரிய மனுஷியாக எனக்கு விருப்பமில்லை. ஆனால் மண்கிடங்கில் நின்ற அந்நியர்கள் எல்லாம் என் குறியைப் போய்ப் பார்க்கத் தயாராக இருந்தார்கள். அதை மூடியது என் வீட்டுக்காரர். இந்த நாட்டில் வெள்ளைக்காரன் எங்களை நம்பமாட்டான் என்று இருபத்தைந்து வருடமாக எனக்குச் சொல்லித் தந்த அதே மனிதர்.

அவர் தேசியப் போட்டிக்குப் போனார், வந்தார். அணிக்குக் கொடுத்த நீல ஜக்கெட்டோடு வந்தார். மழைக்கும் அது, வெயிலுக்கும் அது. இலையுதிர் காலத்தில் இஷொய் என்ற ஊரில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு, நான் சேலை உடுத்திக்கொண்டு நிற்க, அவர் அந்த ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மேசையில் எங்கள் ஆட்கள் சுற்றி இருந்தார்கள். மகளும் வந்திருந்தாள். யாரோ ஜக்கெட்டைப் பற்றி விசாரித்தார்கள். அவர் கதையைத் தொடங்கினார்.

"இவவும் நல்லாச் சுடுவா. ஆனா கடைசித் தட்டில பதட்டப்பட்டுப்போனா. தவறவிட்டுட்டா."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. அது வெறும் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது. உண்மையிலேயே எனக்காகப் பரிதாபப்படுகிறவர்போல் அவர் கதைத்தார்.

மேசையில் இருந்த ஒருவர் என்னைக் கேட்டார்: "உண்மையோ அக்கா, கை நடுங்கிட்டுதோ?"

வெளியாட்களுக்கு முன்னால் நான் அவரை ஒருநாளும் மறுத்துக் கதைத்ததில்லை. அன்று கதைத்தேன்.

"இல்லை. நான் அடிச்சனான். இவர் அந்த அடையாளத்துக்கு மேல பெயின்ற் அடிச்சு மறைச்சவர். நான் வேண்டாம் எண்டு கத்தக் கத்த அடிச்சவர்."

கை எல்லாம் சோற்றில் நின்றது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கதிரையில் சாய்ந்து, வாய்விட்டுச் சிரித்தார்.

"பாத்தியளோ? இதைத்தான் சொன்னனான். தோத்ததை இன்னும் தாங்க ஏலாமல் இருக்கு பாவத்துக்கு!"

அப்பாடா என்று எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். என் தோளைத் தட்டி, டேனிஷில், "அம்மா, விடுங்கோ, அது ஒரு விளையாட்டுத்தானே" என்றாள்.

அது விளையாட்டில்லை என்று அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.