கூலர் நின்ற மதியம்

மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கும்போதே எனக்கே பரீட்சைக் காய்ச்சல் வந்து, சாயங்காலம் மேட்ச் என்று தெரிந்தும் அவளுடைய கிரிக்கெட் மட்டையை பீரோவில் பூட்டிவிட்டு தலைநகரின் துவாரகா பகுதிச் சந்தைக்குப் போன நான், கூலருக்கு வெட்டிவேர்த் தட்டி விற்கும் வண்டியின் ஈர வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன்.

இடித்து அடுக்குமாடியாக்கிவிட்ட எங்கள் பழைய கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இதே வாசனைதான். அடுத்த வகுப்புப் பாடத்தைக் கோடை லீவிலேயே நான் உரக்கப் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். ஜன்னல் கூலரோ லாரி மாதிரி உறுமும். என் குரல் அதில் அமுங்கிவிட்டதாக நினைத்து அப்பா பக்கத்து அறையில் கண்ணயர, நான் பின்கதவு வழியாக நழுவி மைதானத்தில் இருப்பேன். ஒரு மதியம் கரண்ட் போய்விட்டது. கூலர் நின்றது, என் குரலும் இல்லை. பனியனோடு தேடி வந்த அப்பாவைப் பார்த்த நடுக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினேன். பந்து தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போய் எங்களை ஜெயிக்க வைத்தது.

"கரண்ட் வர்ற வரைக்கும் ஆடுடா," என்றார் அப்பா.

அன்று இருட்டும்வரை கரண்ட் வரவில்லை.

துவாரகாவில் எங்கள் அடுக்குமாடிக்கு ஜெனரேட்டர் இருப்பதால் கரண்ட் போவதே இல்லை. வீட்டுக்கு வந்து மெயின் சுவிட்சை நானே இறக்கினேன்.

"பக்கத்து வீட்ல ஃபேன் ஓடுதேப்பா?" என்றாள் மகள்.

"நம்ம வீட்ல போச்சு. இந்தா பீரோ சாவி, ஜல்தி கிளம்பு."