டன்டாஸ் வீதியில் இவருக்குப் போர்த்துக்கேயச் சாப்பாடு பழக்கியது

இந்தத் தளத்தில் நான் கடைசியாக எழுதியது மொன்றியல் பஸ் பயணம். அதற்குப் பிறகு எட்டு மாதமாக ஒன்றும் எழுதவில்லை. எங்கேயும் போகவில்லை என்பது ஒரு காரணம். மகளுக்கும் இவருக்கும் நடுவில் நின்று, அவள் சொன்னதை இவரிடமும் இவர் சொன்னதை அவளிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே பொழுது போய்விட்டது என்பது மற்றக் காரணம். இரண்டு பேரும் நேரே பேசுவதில்லை. ஆகவே இந்தப் பதிவில் கொஞ்சம் அலுப்புத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அலுப்பு எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

"ரொறன்ரோ வந்தால் நயாகராவையும் கோபுரத்தையும் விட்டால் வேறு என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இது அதற்குப் பதில். ஆனால் நான் போனது உங்களுக்காக அல்ல. மகள் மைதிலி கல்யாணம் செய்ய இருக்கும் பையன் டேனியல் போர்த்துக்கேயக் குடும்பத்துப் பிள்ளை. தாயும் தகப்பனும் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்தவர்கள். தகப்பன் வீடுகளுக்கு ரைல்ஸ் பதிக்கிறவர். அவர்கள் எங்களை ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

இவருக்கு, அதாவது என் கணவருக்கு, இந்தச் சம்பந்தத்தில் இருந்த குறை ஒன்றே ஒன்று.

"எங்கட கோயிலை இடிச்சவங்கள்."

"அது நானூறு வருசத்துக்கு முந்தி எங்கட ஊரைப் பிடிச்ச போர்த்துக்கேயர் செய்தது. டேனியலின்ர அப்பா ரைல்ஸ் ஒட்டுறவர். அவர் எந்தக் கோயிலை இடிச்சவர்?"

"இடிச்சது இடிச்சதுதான்."

எட்டு மாதம் இப்படியே போனது. கடைசியில் ஒரு படி இறங்கி வந்து, "சரி, வாறன். ஆனால் வாயில ஒண்டும் வைக்கமாட்டன்" என்றார். கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம். எங்கள் ஆட்களுக்குத் தெரியும், சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைக்காமல் எழும்பி வந்தால் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் சொல்லத் தேவையில்லை. இது மைதிலிக்கும் தெரியும். இவருடைய பதிலை அவளுக்குச் சொன்னபோது, "அப்பா சும்மா வந்து இருந்திட்டுப் போறதெண்டா, டோன்ட் பொதர் அம்மா. நாங்க ரெண்டு பேரும் சிற்றி ஹோலில போய்க் கல்யாணத்துக்கு சைன் பண்ணுறம். ஐ மீன் இட்" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். அது தகப்பனிடமிருந்து வந்த குணம்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இவருடைய கோபத்தில் பாதி கோயில், மீதிப் பாதி சாப்பாட்டுப் பயம். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. வெளியில் இவர் சாப்பிடுவது டோனட் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் ஒருநாள் போய், எல்லாவற்றையும் நான் ருசி பார்த்து, இவருக்குத் தோதான ஒரு சாப்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும் என்று நினைத்தேன். வேலைக்கு ஒருநாள் லீவு போட்டேன். "நான் கோப்பி மட்டும்தான்" என்ற நிபந்தனையோடு இவரும் வரச் சம்மதித்தார்.

நாங்கள் இருப்பது ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியில். காலை ஒன்பதே முக்காலுக்கு மார்க்கம் ரோட் பஸ் எடுத்து வோர்டன் ஸ்டேஷன். அங்கிருந்து மேற்கே போகும் சப்வேயில் ஒசிங்டன் ஸ்டேஷன். அங்கே இறங்கித் தெற்கே போகும் பஸ்ஸில் டன்டாஸ் வீதி. ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். கார்ட் தட்டினால் எனக்கு மூன்று டொலர் முப்பது சதம், முதியவர் என்பதால் இவருக்கு அதைவிடக் குறைவு. இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசுதான். காரில் போகலாமே என்று இவர் கேட்டார். பார்க்கிங் தேடிக்கொண்டு கோபிக்கிற ஆளோடு சாப்பிடப் போக என்னால் முடியாது என்றேன்.

டன்டாஸ் வீதியில் ஒசிங்டனிலிருந்து டஃபரின் வரை நடந்தால் போதும், ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் எல்லாம் இருக்கிறது. பேக்கரிகள், கோழி சுடும் கடைகள், வயதானவர்கள் உதைபந்தாட்டம் பார்க்கும் சின்னச் சின்ன பார்கள். இப்போது நடுநடுவே இருபது டொலருக்குக் கொக்டெய்ல் விற்கும் புதுக் கடைகளும் வந்துவிட்டன. வாசலில் வெள்ளைத் தாடிக்காரர்கள் நின்று கதைக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள், சாப்பாடு நன்றாக இருக்கும்.

முதலில் ஒரு பேக்கரி. இங்கே கட்டாயம் வாங்கவேண்டியது நாட்டா. உள்ளங்கை அளவில், மொரமொரப்பான மா ஓட்டுக்குள் முட்டையும் பாலும் சேர்ந்த கஸ்ரட் வைத்து, மேல் பக்கம் கருக வேகவைத்தது. ஒன்று இரண்டரை டொலர். கூடவே கலாவ் என்கிற பால் கோப்பி, அதைக் கண்ணாடிக் கிளாசில்தான் தருவார்கள். தட்டுத் தட்டாகக் கோதுமைப் பாண் அடுக்கியிருந்தது. பாண் என்ற சொல்லே இவர்களிடமிருந்து எங்களுக்கு வந்தது என்று இவருக்குச் சொன்னேன்.

"கோயிலை எடுத்துக்கொண்டு பாணைத் தந்திட்டுப் போயிருக்கிறாங்கள்" என்றார்.

இரண்டு நாட்டா வாங்கி ஒரு மேசையில் போய் இருந்து, ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது என் போன் சிணுங்கியது. கோயில் வட்ஸ்அப் குழு. அம்மனுக்குச் சந்தனக்காப்புப் படமும் வெள்ளிக்கிழமை வணக்கமும் வந்திருந்தன.

"இஞ்சருங்கோ, இண்டைக்கு என்ன கிழமை?"

"ரிட்டயர் ஆன ஆளிட்டக் கிழமை கேக்கிறீர்."

வெள்ளிக்கிழமையேதான். லீவு போட்டதில் சனிக்கிழமை மாதிரி ஓர் எண்ணத்தில் இருந்துவிட்டேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நான் மீனோ இறைச்சியோ எந்த மச்சமும் தொட்டதில்லை, முட்டையும் தொட்டதில்லை. இவர் அப்படியல்ல, தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கிய காலத்திலேயே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார். ஒருநாள் தவறவிட்டால் அம்மன் கோபிக்கமாட்டா என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது பிழைத்தால், அந்த முட்டையால்தான் பிழைத்தது என்று காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேன். அதையும் சுமக்க எனக்குத் தெம்பில்லை. நாட்டாவைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"நீங்கள்தான் சாப்பிட்டுச் சொல்லவேணும்" என்றேன்.

"விளையாடுறீரோ? நான் கோப்பி மட்டும் எண்டு சொல்லித்தானே வந்தனான்."

வழக்கமாக இந்த இடத்தில் நான் நியாயம் பேசத் தொடங்குவேன். அன்று அதை விட்டுவிட்டேன். "எனக்குக் களைச்சுப் போச்சப்பா" என்றேன். "எட்டு மாசமா அவளிட்டயும் உங்களிட்டயும் கதைச்சுக் கதைச்சுக் களைச்சுப் போச்சு. இதுக்கு மேல என்னால ஏலாது." அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் சக்தி வேண்டும்.

இவர் கொஞ்ச நேரம் வெளியே தண்டவாளத்தில் ஸ்ரீட்கார் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாட்டாவை எடுத்து, டோனட் மாதிரி இரண்டாகப் பிய்க்கப் பார்த்து, முடியாமல் அப்படியே கடித்தார்.

"முட்டை மணம் இல்லை" என்றார். மற்றதையும் எடுத்தார். "கருகின இடம் நல்லாயிருக்கு."

மத்தியானம் ஒரு மணிபோல ஒரு சின்ன உணவகத்துக்குள் போனோம். பரிமாறியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். முதலில் கால்டோ வேர்டே சூப், ஏழு டொலர். உருளைக்கிழங்கை மசித்த கஞ்சியில், வறைக்கு அரிவதுபோல மெல்லிசாக அரிந்த கேல் கீரை. பார்த்தால் சைவம் போல இருக்கும். அடியில் பன்றி இறைச்சிச் சொசேஜ் துண்டு ஒன்று கிடக்கும், கவனம். இவர் அதை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுச் சூப்பைக் குடித்தார்.

பிறகு பக்கல்யாவ். உப்பில் காயவைத்த கொட் மீனை ஒருநாள் முழுவதும் ஊறவைத்து, உப்பை எடுத்து, அதற்குப் பிறகு சமைப்பார்கள். விதம்விதமாகச் செய்வார்களாம். நாங்கள் எடுத்தது மீனை உதிர்த்து, நூல்போலச் சீவிப் பொரித்த உருளைக்கிழங்கும் வெங்காயமும் முட்டையும் போட்டுப் பிரட்டியது. இருபத்துநான்கு டொலர், இரண்டு பேருக்குத் தாராளம். இவர் மணந்து பார்த்தார். இன்னொருமுறை மணந்தார்.

"இது கருவாடல்லோ?"

"ஓம், அவையின்ர கருவாடு."

"உப்பை முழுக்கக் கழுவிப் போட்டாங்கள். விசரங்கள்."

திட்டிக்கொண்டே சாப்பிட்டார். வாய்க்குப் பிடித்ததை இவர் திட்டாமல் சாப்பிட்டு நான் கண்டதில்லை.

என் தட்டு வெறுமையாக இருப்பதைப் பார்த்த அந்தப் பெண், ஏன் சாப்பிடவில்லை, பிடிக்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வெள்ளிக்கிழமை இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன், எங்கள் சமயம் அப்படி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாற்பது நாளும் வருகிற வெள்ளிக்கிழமைகளில் நாங்களும் இறைச்சி தொடமாட்டோம். மீன் மட்டும்தான்" என்றார்.

"மீனை மரக்கறியில சேர்த்துப் போட்டினம்" என்று இவர் தமிழில் சொன்னார். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை.

அந்தப் பெண் கேட்காமலே உள்ளே போய், அவித்த உருளைக்கிழங்கும் கீரையும் கொண்டைக்கடலையும் ஒலிவ் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பணமும் வாங்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத எனக்கு அது அமிர்தமாக இருந்தது.

கடைசியாகக் கோழிக் கடை. முழுக் கோழியைப் பிளந்து விரித்துக் கரியில் சுடுகிறார்கள், பிரி பிரி என்ற மிளகாய்ச் சோஸ் பூசித் தருவார்கள். அரைக் கோழியும் சோறும் பொரித்த உருளைக்கிழங்கும் பதினாறு டொலர். "உறைப்புக் காணாது" என்று சொல்லி இவர் இன்னொரு கிண்ணம் சோஸ் கேட்டு வாங்கினார். அதே கடையில் பிபானா என்ற பன்றி இறைச்சிச் சாண்ட்விச்சும், பேய்க்கணவாயை, அதுதான் ஒக்டோபஸை, ஒலிவ் எண்ணெயில் வாட்டி நசுக்கிய உருளைக்கிழங்கோடு தருவதும் பிரபலம். நாங்கள் இரண்டையும் தொடவில்லை, அதனால் அவற்றைப்பற்றி எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதும் வேறு தளங்கள் இருக்கின்றன.

திரும்பும்போது டன்டாஸ் ஸ்ரீட்காரில் ஏறி புரோட்வியூ ஸ்டேஷன் வந்தோம். மெதுவாகத்தான் போகும், ஆனால் இருக்க இடம் கிடைக்கும். எனக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. இவர் நித்திரை என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை அவையள் உந்தக் கருவாட்டை வைப்பினமோ?"

"வைக்காமல் இருப்பினமோ" என்றேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில சொற்கள். மூன்று பேராகப் போங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கிப் பகிருங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் பரிமாறியவர்களுக்கு விட்ட ரிப்ஸும் சேர்த்து எழுபது டொலர் அளவில் முடிந்தது. சில சின்னக் கடைகளில் கார்ட் எடுக்கமாட்டார்கள், காசுதான். பன்றி, மாடு வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சைவக்காரர் போனால் பட்டினி கிடக்கத் தேவையில்லை, ஆனால் வாய்விட்டுக் கேட்கவேண்டும். காலுக்கு ஆறுதலான சப்பாத்துப் போடுங்கள். புறப்படும் முன் கலண்டரைப் பாருங்கள்.

இனி அந்த ஞாயிறு. அவர்கள் வீடு மிசிசாகாவில். டேனியலின் தகப்பன் மடிப்புக் குலையாத சேர்ட்டோடு வாசலில் நின்றார். தாய் சின்ன உருவம், எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் சோறு, சொசேஜ் போடாத கீரைச் சூப், உருளைக்கிழங்கு, கறிவேப்பிலை போட்ட கொண்டைக்கடலைக் கறி. ஒரு மீன் இல்லை, முட்டை இல்லை. மைதிலி ஒரு வெள்ளிக்கிழமை அங்கே மச்சம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு நாங்கள் எல்லாரும் எந்த நாளும் அப்படித்தான் என்று அந்த மனுசி நினைத்துவிட்டார். நாங்கள் மனம் நோகக்கூடாது என்று இரண்டு தரம் ஸ்காபரோவுக்கு வந்து, தமிழ்க் கடையில் சாப்பிட்டுப் பார்த்து, கடலைக்கறி வைக்கப் பழகியிருக்கிறார்.

இவர் தட்டைப் பார்த்தார். கை மடியிலேயே இருந்தது. மைதிலி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கோபம்கூட வரவில்லை, வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டும் போல இருந்தது.

"பக்கல்யாவ் இல்லையோ?" என்று இவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

தாய் மகனைப் பார்த்தார். மகன் மைதிலியைப் பார்த்தான். பிறகு தாய் எழும்பி, பேஸ்மென்டில் இருக்கும் மற்றக் குசினிக்கு இறங்கிப்போய், பொயில் பேப்பர் மூடிய ஒரு பெரிய தட்டோடு ஏறி வந்தார். நாங்கள் போன பிறகு தாங்கள் சாப்பிடுவதற்காகச் செய்து ஒளித்து வைத்திருந்தது. "காலையிலிருந்து மணத்தை மட்டும்தான் எனக்குத் தந்தாள்" என்று தகப்பன் சொல்லி, முதல் கரண்டியை இவருக்குப் போட்டார்.

இவர் கடலைக்கறியையும் அள்ளிப் போட்டு, சோற்றைக் கையால் குழைத்துச் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் போட்டார். நடுவில் என் பக்கம் திரும்பி, "இவையும் உப்பைக் கழுவிப் போட்டினம்" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று தாய் பயந்துபோய் மைதிலியைக் கேட்டார்.

இவர் மைதிலியை நிமிர்ந்து பார்த்தார். "நல்லாயிருக்கெண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

எட்டு மாதத்தில் இவர் அவளிடம் நேரே பேசியது அதுதான் முதல் தரம். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அதனால் அதையும் நான்தான் சொல்லவேண்டி வந்தது.