அழைக்காவிட்டால் வாருங்கள்

என் மகளுக்கு முப்பத்தேழு வயது. கருமுட்டை இருப்பு வயதுக்கு மீறிக் குறைந்துவிட்டது என்று ஈப்போ மருத்துவர் சொல்லிவிட்டார். பதினொரு நாள் ஊசி போட்டும் கிடைத்தவை மூன்றே முட்டைகள். முதிர்ந்தவை இரண்டு. கருவானது ஒன்று. இதுவும் தவறினால், அவளுடைய முட்டையில் மீண்டும் முயல்வதில் பயனில்லை என்றார்.

நான் தோட்டப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் ஆசிரியராக இருந்தவன். பிள்ளைகளை எண்ணாமல் ஒருநாளும் பாடம் தொடங்கியதில்லை. இப்போது ஊசிக் குப்பிகளை எண்ணினேன். சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனை வரை சிவப்பு விளக்குகளையும் எண்ணினேன், ஏழு.

"வயித்துக்கு வராத பிள்ளைய எண்ணாதீங்க, கண்ணு பட்டுரும்" என்றாள் மனைவி.

"பிள்ளைய எங்க எண்ணுனேன்? முட்டையத்தான்."

"ரெண்டும் ஒண்ணுதான்லா."

முட்டை எடுத்த மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கருவைக் கருப்பையில் வைக்க வேண்டும். வளர்ச்சி நின்றுபோயிருந்தால் எட்டரைக்குள் அழைப்போம், அழைக்காவிட்டால் வாருங்கள் என்று தாதி சொல்லியிருந்தார்.

அன்று ஆறு மணியிலிருந்தே மகளின் கைப்பேசி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மருமகன் துடைத்த காரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். பசியாற யாரும் உட்காரவில்லை.

எட்டு பத்துக்குக் கைப்பேசி அடித்தது. மகள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நீங்க எடுங்கப்பா."

சித்தியவானிலிருந்து என் தங்கை.

"அண்ணே, இன்னைக்குத்தானே? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. போனை வை."

"நல்லதா கெட்டதா, அதையாவது சொல்லுங்க."

"நீ வச்சாத்தான் நல்லது."

துண்டித்த பிறகுதான் அடுத்த பயம் வந்தது. நாங்கள் பேசிய அரை நிமிடத்தில் தாதி அழைத்திருந்தால்? மகள் எடுத்துப் பார்த்தாள். தவறிய அழைப்பு எதுவும் இல்லை.

எட்டரை ஆனது. என் கைக்கடிகாரம் இரண்டு நிமிடம் வேகம். சுவர்க் கடிகாரத்தை நம்பி மேலும் காத்திருந்தோம். எட்டு நாற்பதுக்கு மனைவி மெதுவாகக் கேட்டாள்: "இனிமே கூப்பிட மாட்டாங்கதானே?"



கருவை வைக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டுமாம். புறப்படும் முன் நான்கு குவளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். மகள் எழுந்து ஒரு குவளை குடித்தாள். மறுபடி ஊற்றினாள். கொஞ்சம் மேசையில் சிந்தியது.

"இது எத்தனையாவதுப்பா?"

மனைவியைப் பார்த்தேன். அவள் சிந்தியதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு" என்றேன்.