ஜாமீன் நின்ற அக்கா

ராஜபாளையத்தில் நடந்த ஒரு கொலை வழக்கில் என்னையும் சேர்த்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், ஊரைவிட்டுப் போகக்கூடாது என்பது நிபந்தனை. மம்சாபுரத்தில் இருக்கும் என் அக்கா தன் வயலைக் காட்டி ஜாமீன் நின்றாள்.

ஓரிடத்தில் இருந்து பழகாதவன் நான். ஒருநாள்தானே என்று கேரளா போன லாரியில் கிளீனராக ஏறிவிட்டேன். மலைப்பாதை மழையில் அடைபட்டு, வண்டி பல நாள் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது அக்கா ஸ்டேஷன் வாசலில் நின்றாள். நடவை விட்டுவிட்டு, எனக்காகத் தினமும் வந்து பதில் சொல்லியிருக்கிறாள்.

"எங்கலே போன? எம்புட்டுப் பேச்சு கேட்டேன் தெரியுமா? அங்க நாத்தெல்லாம் காஞ்சு போச்சுலே."

ஜாமீன் ரத்தாகிச் சிறைக்குப் போனேன். பிற்பாடு விடுதலையானேன். இப்போதும் ஊர் ஊராகத்தான் சுற்றுகிறேன். ஆனால் கிளம்புமுன் மம்சாபுரம் போய், எங்கே போகிறேன், என்றைக்கு வருவேன் என்று அக்காவிடம் சொல்லிவிடுகிறேன். அவள் தலையாட்டுவதோடு சரி.